மச்சானின் முறை

இமைக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்த, அன்றும் விரலால் பிரித்துத்தான் கண்ணைத் திறந்தேன். அடுத்த வாரம் குழாய் வெல்டிங் டெஸ்ட். தேறினால் வேலை நிரந்தரம். தோற்றால் மறுபடியும் தினக்கூலி. உருகிய இரும்பின் விளிம்போ எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

தொழிற்சாலைக்கு வந்த கண் முகாமில் மச்சானும் நானும் வரிசையில் நின்றோம். மச்சான் என் மனைவியின் தம்பி, உலையடியில் வேலை. அவனுக்கும் இதே கண்தான்.

"இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கிற துளை அடைச்சிருக்கு. அதான் கண்ணு காயுது," என்றார் டாக்டரம்மா. "வெளிச்சம் பாய்ச்சலாம், நாலு தடவை வரணும். இல்ல, சூடு குடுத்து அமுக்கி எடுக்கலாம், அது ஒரே தடவை."

"வெளிச்சம் வேணாம்மா," என்றேன். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்து, வலியில் விடியவிடியக் கத்தியவன் நான்.

"எனக்குச் சூடு வேணாம். உலையில வேகுறது பத்தாதா?" என்றான் மச்சான்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது ஒத்தடம் மாதிரி இதமான சூடுப்பா. அந்த வெளிச்சம் உங்க கறுத்த நிறத்துக்குத் தோலைச் சுட்டாலும் சுட்டுடும். ரெண்டு பேருக்கும் சூடுதான் சரி."

"பாத்தியா மாமா, வெளிச்சம்கூட ஆள் நிறம் பாத்துதான் வருது!"

சூடு கொடுக்கக் கண்ணில் மாட்டும் மூடி ஆளுக்கு ஒரு ஜோடி, ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக்கூடாது. ஒரு ஜோடிதான் மிச்சம் என்றாள் நர்ஸ். கூப்பிட்டது மச்சானை. அவன் என்னை நாற்காலியில் தள்ளினான்.

"உக்காரு மாமா. எனக்கென்ன டெஸ்டா வச்சிருக்கான்?"

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை. மூடிக்குள் இமை வெதுவெதுத்தது, பிறகு மூடி இமையை அமுக்கியது. "எல்லாருக்கும் உடனே கேக்காது," என்று சொல்லித்தான் அனுப்பினார் டாக்டரம்மா.

எனக்குக் கேட்டது! டெஸ்ட் அன்று முகமூடிக் கண்ணாடிக்குள் நெருப்புக் குழம்பின் விளிம்பு கம்பி இழுத்ததுபோல் தெரிந்தது. கை தானாக ஓடியது. மேஸ்திரி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேறிட்டடா!" என்று முதுகில் அறைந்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் உலையடிக்கு ஓடினேன்.

"மாப்ள! பாஸு!"

மச்சான் என்னைத் தூக்கிச் சுற்றினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீராய்க் கொட்டியது.

"ஆனந்தக் கண்ணீரா?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"அட போடா, காஞ்ச கண்ணு இப்படித்தான் ஊத்தும்."

தோளில் துடைத்துக்கொண்டு உலைவாய்ப் பக்கம் திரும்பினான். செந்தணல் முகத்தில் அடிக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு இரும்புக் கோலை உள்ளே விட்டான். முகாம் மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய முறை ஒன்று என்னிடம் கடனாக நிற்கிறது.