மெரெத்தேயின் கைப்பேசிக்கு வந்த வண்டிகள்

டென்மார்க்கின் ராண்டர்ஸ் நகரில் முதியவர்களை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிச் சேவை ஒன்று. அதன் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் மெரெத்தே. சேவையை நிறுத்தாமலே வேலையை முடிப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, பாவம். பயணிகளின் பெயரும் போன் எண்ணும் உள்ள புதிய அட்டவணையைச் சோதனைத் தளத்தில் திருத்தி, பழையதற்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பாள். பிறகு கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றிவிடுவாள். வெளியே ஒருவருக்கும் தெரியாது. அன்று காலையும் அப்படித்தான் மாற்றினாள்.

காபி குடிக்க உட்கார்ந்தபோது அவள் கைப்பேசி அதிர்ந்தது. ‘உங்கள் வண்டி வாசலில் நிற்கிறது.’ உடனே இன்னொன்று. பிறகு வரிசையாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோதனையின்போது நிஜ மனிதர்களுக்குச் செய்தி போய்விடக் கூடாதென்று எல்லோருடைய எண்ணையும் எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டிருந்தாள். அதைச் சரிசெய்யாமலே ஏற்றிவிட்டாள்.

பழைய அட்டவணை அழியாமல் இருந்ததால் அதையே திரும்பக் கொண்டுவர அதிக நேரமாகவில்லை. தப்புச் செய்தவர் கேக் வாங்கிவருவது அந்த அலுவலகத்து வழக்கம். பக்கத்து மேசைக்காரன் தோர்கில் விடுவானா?

“நாளைக்குக் கேக் உன்னோடது. கஞ்சத்தனம் பண்ணாம நல்லா க்ரீம் வெச்சதா வாங்கு.”

மெரெத்தேயும் சிரித்துப் பார்த்தாள். காது மடல்தான் சுட்டது. வண்டியைத் தவறவிட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். பலர் எரிந்து விழுந்தார்கள். அதுகூட ஆறுதலாக இருந்தது.

ஐவின் என்ற பெரியவர்தான் திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவியைப் பார்க்கக் கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறையிலேயே காத்திருந்தாராம்.

“மன்னிச்சுக்கம்மா, டிரைவர் தம்பி நின்னு பாத்துட்டுப் போயிருப்பான். போன்ல நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன். இனிமே தனியா எங்கயும் போகாதப்பான்னு மக சொல்லிட்டே இருந்தா. சரிம்மா, உன் இஷ்டம்னு இப்பதான் சொன்னேன்.”

சிஸ்டத்தில் கோளாறு என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம். மற்றவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

“உங்க மேல தப்பில்லங்க ஐயா. நான் பண்ணின தப்பு.”

“அப்ப மககிட்ட நீயே சொல்லிடுறியாம்மா? நான் சொன்னா சமாளிக்கிறேன்னு நினைப்பா.”

முதலில் அவருக்கு வேறு வண்டி அனுப்பினாள். பிறகு அவர் கொடுத்த எண்ணை அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால் கேக் பேச்சு இன்னும் ஓயவில்லை. யார் பேசுவது என்று மகள் கேட்டாள். மெரெத்தே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள்.

“உங்கப்பாவுக்குப் போன் நல்லாவே பாக்கத் தெரியுதுங்க,” என்று ஆரம்பித்தாள். தலை நிமிராமலே மீதியையும் சொன்னாள்.