பிப்ரவரி பதினாறாம் தேதி

பசிபிக் தீவொன்றில் ஓடும் சபேட்டோ ஆற்றுக்கு இந்தக் கரையில் தாவூதின் கரும்பு நிலம். அந்தக் கரையில் தீவின் பூர்வகுடிக் கிழவர் ஈலாய்த்தியாவின் ஊர். நடுவே ஓடுவது முழங்கால் தண்ணீர்தான். ஆனால் 1949-ஆம் வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரத்திலிருந்து தாவூத் அதைத் தாண்டவில்லை.

அதற்கு முன்பு வாரம் தவறாமல் போவான். ஈலாய்த்தியாவின் மகன் அபெனிசாவும் அவனும் ஒரே கோஷ்டியில் கரும்பு வெட்டியவர்கள். அபெனிசா தாவூதிடம் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் முழுக்க வசவுதான். பிறகு தாவூதின் உம்மாவிடம் மரியாதையாகச் சோறு கேட்கும் அளவுக்குத் தேறினான். யுத்தம் வந்து பட்டாளத்தில் பேர் கொடுத்தபோது, "நீயும் வா மச்சான், அங்க யாரை நான் திட்டுறது?" என்றான்.

இந்தியர்களில் பட்டாளத்துக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம்மைச் சமமாக நடத்தாத சர்க்காருக்காக நாம் ஏன் சாகவேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. தாவூதின் வாப்பாவே மூன்று மாதம் மகனோடு பேசவில்லை. இருந்தும் போனான். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவரும் வேலை கிடைத்தது. பூகன்வில் தீவின் மலைக்காட்டில், 1944 பிப்ரவரி பதினாறாம் தேதி, அவன் தூக்கிய ஸ்ட்ரெச்சர் ஒன்றில் அபெனிசா கிடந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே தாவூத் ஆற்றைக் கடந்து ஈலாய்த்தியாவின் முன்னால் போய் உட்கார்ந்தான். "என் மடியிலதான் மாமா உயிர் போச்சு. கடைசியா உங்களைத்தான் கேட்டான்" என்றான். கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அன்று முதல் அந்த வீட்டுப் பாயில் அவனுக்கென்று ஓர் இடம் இருந்தது. யங்கோனா என்ற வேர்ப்பானம் கலக்கினால் கிழவருக்கு அடுத்த சிரட்டை அவனுக்கு.

1949-இல் அந்த ஊர்க்காரர்கள், சண்டைக்குப் போனவர்களுக்காகக் தேவாலய வாசலில் ஒரு கல் நாட்ட நினைத்தார்கள். கிழவரின் தங்கை மகன் சேமி அதற்காகப் பட்டாள ஆவணங்களிலிருந்து இரண்டு கரைக்காரர்களின் பெயர்ப் பட்டியல் வாங்கிவந்தான். ஈஸ்டர் முடிந்த வாரம் கிழவர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தாவூத், இதுல நீ சண்டை முடியிற வரைக்கும் நம்ம தீவுலயே, சுவாவுல சாமான் கிடங்குல இருந்ததா போட்டிருக்கே?"

"அது தப்பு. நான் பூகன்வில்லுல இருந்தேன்."

"காகிதம் பொய் சொல்லுமா?"

யாரோ சிரித்தார்கள். இந்தியர்கள் சண்டைக்கு வரவில்லை என்ற மனத்தாங்கல் எல்லோருக்குள்ளும் இருந்தது. அது அந்தச் சிரிப்பில் வெளிவந்தது. தாவூத் கிழவரைப் பார்த்தான். கிழவர் அவனைப் பார்க்கவில்லை. அடுத்து வந்த சிரட்டை அவனைத் தாண்டிப் போயிற்று.

தவறு எப்படி நடந்தது என்பதை இந்தியர் சங்கப் பள்ளிக்கூட ஆசிரியர் ராமச்சந்திரன்தான் கண்டுபிடித்தார். ரராவாய் ஊரிலிருந்து இன்னொரு தாவூதும் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். அவன் சுவாக் கிடங்கில் மூட்டை எண்ணியவன். யாரோ ஒரு எழுத்தர் இரண்டு பேரின் ஏடுகளையும் மாற்றிவிட்டார். அதனால்தான் சண்டைக் களத்தில் இருந்தவர்களுக்குத் தரும் பசிபிக் நட்சத்திரப் பதக்கம் இவனுக்கு வரவில்லை. வராதபோது அவன் அதைப் பெரிதாக எண்ணவும் இல்லை.

"தாவூத் பாய், பதக்கம் கேட்டு மனுப் போடுவோம். பதக்கம் குடுக்கணும்னா அவங்க ஏட்டைத் திருத்தித்தான் ஆகணும்" என்றார் ராமச்சந்திரன்.

"பதக்கம் எனக்கெதுக்கு வாத்தியாரே? பிப்ரவரி பதினாறு அன்னைக்கு நான் அங்க இருந்தேன்னு எழுதினாப் போதும்."

"ரெண்டையும் கேப்போம்."

மனு போயிற்று. கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. கூடத் தூக்கிய மூவரில் இரண்டு பேர் அந்தக் காட்டிலேயே இறந்துவிட்டார்கள். மூன்றாமவன் எந்தத் தீவுக்காரன் என்றே தாவூதுக்கு நினைவில்லை. நியூசிலாந்து டாக்டருக்கு எழுதிய கடிதம், அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று முத்திரை வாங்கித் திரும்பிவந்தது. ராமச்சந்திரன் சலிக்காமல் மறுபடி எழுதினார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று.

மாலையில் கரும்புக்குள்ளிருந்து வெளியே வந்தால் அக்கரை தெரியும். கிழவர் வாசலில் உட்கார்ந்து வலை பின்னுவதும் தெரியும். தாவூத் நின்று பார்ப்பான். ஒருமுறை அவன் மனைவி மரியம் கேட்டாள்.

"எத்தினி நாளைக்கு இப்படிப் பாத்துக்கிட்டே நிப்பீங்க? போய்ப் பேசுங்களேன்."

"எதைக் கையில வெச்சுக்கிட்டுப் போறது?"

முன்பெல்லாம் பெருநாள் சோறு கிழவருக்கு மரியம்தான் கட்டிக் கொடுப்பாள். அந்தத் தூக்குப் பாத்திரத்தை இப்போது வேறெதற்கும் எடுப்பதில்லை.

1951 ஆகஸ்டில் சுவாவிலிருந்து ஒரு சிறிய பெட்டியும் கடிதமும் வந்தன. பெட்டியில் நட்சத்திரம். ராமச்சந்திரன் கடிதத்தை உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பூகன்வில்லில் மலேரியாவுக்காகச் சேர்த்தவர்களின் பட்டியல் ஒன்றில் தாவூதின் பெயர் கிடைத்திருக்கிறது. ஆகவே 1944 ஏப்ரல் நாலாம் தேதி முதல் அவன் அங்கிருந்ததாக ஏட்டைத் திருத்திவிட்டார்கள். பதக்கத்துக்கு அது போதும்; அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை; விஷயம் முடிந்தது.

"ஏப்ரலா?" என்றான் தாவூத்.

"ஏப்ரல்தான் பாய்."

தாவூத் நட்சத்திரத்தை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பெட்டியை மூடி மரியத்திடம் கொடுத்தான். கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.

ஈலாய்த்தியா தனியாகத்தான் இருந்தார். கண் மங்கியிருந்தது. யார் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. தெரிந்ததும் வலையிலிருந்து கையை எடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. தாவூத் வாசலிலேயே உட்கார்ந்தான்.

"காகிதம் வந்திருக்கு மாமா. நான் பூகன்வில்லுல இருந்தேன்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா ஏப்ரல்லேருந்துதான்னு போட்டிருக்காங்க."

"என் மகன் செத்தது பிப்ரவரி."

"ஆமா."

"அப்போ எதுக்கு இதை எங்கிட்டக் கொண்டுவந்தே?"

தாவூத் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் போனால் இனி ஒருபோதும் வரமுடியாது என்பதும் தெரிந்தது.

"மாமா, அன்னைக்கு நான் சொன்னதுலயும் ஒரு தப்பு இருக்கு," என்றான். "அவன் என் மடியில சாகல."

கிழவர் மங்கிய கண்ணை அவன் பக்கம் திருப்பினார்.

"சரிவுல எறங்கும்போது சுட ஆரம்பிச்சாங்க. முன்னால தூக்கின ரெண்டு பேரும் விழுந்துட்டாங்க. நான் ஸ்ட்ரெச்சரைப் போட்டுட்டு ஓடினேன். ஒரு மரத்தடியில சேத்துல மூஞ்சைப் புதைச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவன் என்னைக் கூப்பிட்டான். தமிழ்லதான் கூப்பிட்டான், கெட்ட வார்த்தையில. எனக்குக் கேட்டுது. நான் போகல. சத்தம் அடங்கினப்பறம்தான் போனேன். உயிர் இருந்துது. தண்ணி கேட்டான். குடுத்தேன். பாதி குடிச்சான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"என்னைக் கேட்டானா?"

பொய் சொல்வது எளிதாக இருந்தது. ஒருமுறை சொன்ன பொய்தானே.

"இல்ல மாமா. ஒண்ணும் பேசல."

கிழவர் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். கன்னத்தில் ஈரம் இறங்கியது. துடைக்கவில்லை. கடைசியில், "இதைச் சொல்லிக்கிட்டு வர்றவன் கிடங்குல இருந்தவனா இருக்கமாட்டான்" என்றார். பிறகு, "உள்ள வந்து உக்காரு" என்றார்.

அடுத்த மாதம் கிழவர் போதகரை வைத்துத் தாமே பட்டாள அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: என் மகன் இறந்த நாளன்று தாவூத் அவனோடு இருந்தான், இது எனக்குத் தெரியும், எழுதிக்கொள்ளுங்கள் என்று. களத்தில் இல்லாதவரின் வாக்குமூலத்தை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. கிழவர் அதைக் கேட்டுவிட்டு, வேறு யாருக்கு எழுதலாம் என்று கேட்டார்.

அவர் இறந்த பிறகும் தாவூத் வருஷத்துக்கு ஒரு மனு அனுப்பிக்கொண்டிருந்தான். ராமச்சந்திரன் மாற்றலாகி பா நகருக்குப் போனபோது பஸ் பிடித்து அங்கே போய் எழுதி வாங்கிவந்தான். எல்லா மனுவும் ஒன்றுதான்: ஏப்ரல் நாலு என்பதை பிப்ரவரி பதினாறு என்று திருத்தவும். சேமி ஒருநாள் கேட்டான், இனி யாருக்காக என்று.

"அபெனிசா அங்க தனியா கெடந்ததா இருக்கு அந்த ஏட்டுல" என்றான் தாவூத். "நான் அவன்கிட்டப் போய்ச் சேந்தேன்னு யாராவது எழுதணும்."