இரண்டு மதிப்பெண் குறைந்த குரல்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் மிச்சம். அலுவலகங்களில் மனிதர்களுக்குப் பேசக் கற்றுத் தரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு வார இதழ் கட்டுரை கேட்டிருந்தது. அதற்காக, லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கட்டுரை வெளியாகிவிட்டது. 'மென்திறன்' என்ற சொல் அதில் பத்திக்குப் பத்தி வந்தது. ஒரு மனிதர்கூட வரவில்லை. இதழாசிரியருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

விட்டுப்போன மனிதரைப் பற்றியது இது.

2

முதல் தொடக்கம்: "இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றபோது விளக்கும்" (வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "மனிதன் குகையில் வாழ்ந்த காலந்தொட்டே உரையாடல் என்பது" (கட்டுரையின் வாடை இன்னும் போகவில்லை.)

மூன்றாவது: அவர் வாயைத் திறந்தால் கடுகு பொரியும்.

இது நிற்கட்டும். அந்த அறையில் அவருக்குக் கடுகு என்றே பெயர். நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்து யாராவது மணியை அழுத்தினால் அது அவர் காதில்தான் ஒலிக்கும். எந்தக் கட்டடம் என்று பார்க்க வேண்டும், மெக்கானிக்கை அனுப்ப வேண்டும், அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். முதல் இரண்டிலும் குறை சொல்ல முடியாது. மூன்றாவதுதான் இப்படி இருந்தது:

"சார், மாட்டிக்கிட்டேன் சார்!"

"தெரியுது. மாட்டலேன்னா எதுக்குக் கூப்பிடப் போறீங்க?"

"மூச்சு முட்டுது சார்."

"முட்டாது. மேல ஓட்டை இருக்கு. கத்துனாத்தான் முட்டும்."

புகார்கள் குவிந்தன. நிறுவனம் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியாளர் ஒன்றை வாங்கியது. அது அழும் வாடிக்கையாளராகவும், வழக்குப் போடுவேன் என்று மிரட்டும் வாடிக்கையாளராகவும் நடித்துப் பழக்கும். உண்மையான அழைப்புகளையும் கேட்டு மதிப்பெண் போடும். தேர்ச்சிக்கு எழுபது. இறுதி அழைப்பில் அது வராவிட்டால் கடுகுக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்பது உதிரி பாகங்கள் கிடக்கும் அடித்தள அறை. சம்பளம் அதேதான். ஆனால் அங்கே மணி அடிக்காது.

அவருக்கு இந்த வேலை பிடித்திருந்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. அந்த முகத்தில் எதுவுமே தெரியாது. ஆனால் விடுப்பு எடுத்த நாளிலும் அறைக்கு ஃபோன் போட்டு, "யாராவது மாட்டினாங்களா?" என்று கேட்கிற ஆள் அவர்.

3

பயிற்சியாளருக்குப் பெண் குரல். கடுகு அதை 'டீச்சர்' என்றார், மரியாதையாக அல்ல.

"அழைத்தவருடைய பயத்தை நீங்கள் ஊகித்துவிட்டீர்கள். கேட்கவில்லை," என்றது டீச்சர்.

"லிஃப்ட்ல மாட்டினவனுக்கு வேற என்ன பயம்? விழுந்துடுமோன்னுதான்."

"எல்லோருக்குமா?"

"எல்லாருக்கும்."

"யாரிடமாவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?"

கடுகு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். (இந்தக் கதையின் ஒரே வீரச்செயல் அதுதான் என்று முதல் வரைவில் எழுதி, அடித்துவிட்டேன். அடித்ததை உங்களிடம் சொல்லிவிட்டதால் அடிக்காத மாதிரிதான்.)

மெல்ல மெல்ல அவர் குரலில் தேன் சொட்ட ஆரம்பித்தது. மதிப்பெண் ஏறியது. கூட வேலை பார்ப்பவர்கள் கவலைப்பட்டார்கள். டீ ஆறிவிட்டது என்று வருந்தியவரிடம், "உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது," என்றார். வீட்டில் மனைவியிடம், "நீ சொல்வதை நான் முழுமையாகக் கேட்கிறேன்," என்றார்.

"என்ன தப்பு பண்ணிட்டு வந்தீங்க?" என்றார் மனைவி.

4

இங்கே எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. எழுதியவரைக்கும், 'இறுதி அழைப்பு: லிஃப்டில் ஒரு பெண்' என்ற குறிப்போடு ஒரு செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்த்தேன். (அவருக்கு ஒரு டீச்சர் என்றால் எனக்கு ஒன்று இருக்கக் கூடாதா?) "நாயகன் மேல் வாசகருக்குப் பரிவு வர, அவருடைய குழந்தைப் பருவத்தில் ஒரு காயம் தேவை," என்றது. மறுத்துவிட்டேன். காயமே இல்லாமல் சிடுசிடுப்பவர்களும் உலகத்தில் உண்டு. அவர்களுக்கும் கதையில் இடம் வேண்டும்.

பிறகு இன்னொன்று சொன்னது: "லிஃப்டுக்குள் இருக்கும் பெண் யார்? நீங்கள் அவரைப் பற்றி யோசிக்கவே இல்லை."

நான் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் கடுகின் அக்காவாக இருந்தாள். நிஜக் கடுகுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவருக்கும் இறுதி அழைப்பு இந்த மாதக் கடைசியில்தான்.

"அக்காவா? எனக்கு அக்காவே கிடையாதுங்களே."

"கதைக்காகத்தான்."

கொஞ்சம் யோசித்தார். "கூடப் பொறந்ததெல்லாம் தடிப்பசங்கதான். சரி, வரட்டும். வந்ததுதான் வந்தாங்க, கொஞ்சம் வசதியா வையுங்க."

வைக்க முடியவில்லை. வசதியான அக்கா ஃபோனில் தம்பியைத் தேட மாட்டாள், வக்கீலைத் தேடுவாள். அதனால் இவள் தையல்காரி. துணிகளைப் பிடித்தும் இறக்கியும் தைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள்.

5

மாதக் கடைசி. மதியம். அன்று வரும் முதல் அழைப்புதான் இறுதி மதிப்பீடு. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது.

"வணக்கம். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. நீங்கள் தனியாக இல்லை," என்றார் கடுகு.

"யாருங்க அது?" பிறகு சந்தேகமாக, "டேய், நீயாடா?"

"ஆம். நிதானமாக மூச்சை உள்ளே இழுங்கள்."

"ஐயோ!" என்று அலறினாள் அக்கா. "என்னடா ஆச்சு? கயிறு அறுந்துடுச்சா? எதுக்குடா இப்படிப் பேசுற? உண்மையச் சொல்லு, நான் சாகப் போறேனா?"

(சிரிக்காதீர்கள். மருத்துவமனையில் யாருடைய குரல் எப்போது தணியும் என்று யோசித்துப் பாருங்கள்.)

"நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். லிஃப்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கயிறுகள்..."

"நீங்களாம்! அடப்பாவி, பொறந்ததுலேர்ந்து என்னை நீ 'நீங்க'ன்னு சொன்னதில்லையேடா!" கதவில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும்.

கடுகு கண்ணாடி அறையைப் பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஏய் லூசு! கதவ அடிக்காத! நீ அடிச்சா அது தொறந்துடுமா? பேசாம கீழ உக்காரு!"

சத்தம் நின்றது. "உக்காந்துட்டேன்," என்றாள் அக்கா. குரலில் அப்படி ஒரு நிம்மதி. "அப்ப ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல. கரண்டு போயிருக்கு. மெக்கானிக் பக்கத்துலதான் இருக்கான், வந்துடுவான்."

பழைய கடுகாக இருந்தால் இத்தோடு விட்டிருப்பார். ஆனால் ஹெட்செட்டில் கேட்ட மூச்சு இன்னும் சரியாக இல்லை. டீச்சர் கேட்ட கேள்வி அப்போதுதான் அவருக்குப் பயன்பட்டது.

"என்னதான் பயம் உனக்கு? விழுந்துடும்னா?"

"அதில்லடா."

"பின்ன?"

பதில் இல்லை. கடுகும் பேசவில்லை. அவர் இப்படிக் காத்திருந்து அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

"வேற யாராச்சும் கேக்கறாங்களா?" என்றாள் அக்கா.

"யாரும் கேக்கல. கேக்கவும் விடமாட்டேன். சொல்லு."

[இங்கே அக்கா ஒரு வாக்கியம் சொன்னாள்.]

கடுகு சிரிக்கவில்லை. "மூட்டையில பெருசா என்ன இருக்கு?"

"ஒரு கோட்டு. மேல் வீட்டுக்காரம்மாவுது."

"எடுத்து இடுப்புல சுத்திக்க."

"கஸ்டமர் துணிடா!"

"துணிதான? துவைச்சா போச்சு. கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நீ பேசினா அந்தம்மா மறுபடி துணியே குடுக்க மாட்டாங்க," என்று சொல்லி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

இன்னொரு லைனில் மெக்கானிக். "வந்துட்டியா? வெளிய எத்தனை பேர் நிக்கறாங்க?"

"பில்டிங்கே நிக்குது சார், வேடிக்கை பாக்க."

"ஒருத்தர் இருக்கக் கூடாது. அனுப்பிடு."

"சொன்னா போக மாட்டேங்கறாங்க சார்."

"ஃபோன அவங்ககிட்டக் குடு."

"ஐயோ, வேணாம் சார், நானே அனுப்பிடறேன்."

"கதவத் தொறந்துட்டு நீயும் செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லு."

கதவு திறந்தபோது எதிரே ஆளில்லாத நடையும், ஒரு முதுகும் மட்டும் இருந்தன.

6

அக்கா சொன்னது என்ன என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அடைபட்டுக் கிடக்கும் யாருக்கும் வரக்கூடிய சங்கடம்தான். ஊகிப்பது வேறு, கேட்பது வேறு. அவள் சொன்ன மாதிரியே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த இடத்தில் இப்போது அடைப்புக்குறி இருக்கிறது.

மதிப்பெண் வந்தது. அறுபத்தெட்டு.

வாடிக்கையாளரை ஒருமையில் விளித்தார், கழித்தல். 'லூசு' என்றார், கழித்தல். ஆறுதல் வாசகத்தைப் பாதியில் கைவிட்டார், கழித்தல். கடைசியில்: 'பயம் என்ன என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். முழு மதிப்பெண்.'

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்கக் கற்றுக் கொடுத்ததே அதுதான். அழைத்தவள் அக்கா என்று குறிக்க அதற்கு யாரும் இடம் வைக்கவில்லை. அக்காவின் வாக்கியத்தை அதுவும் கேட்டதுதான். ஆனால் அதன் முன்னால் யாருக்கும் கூச்சம் வருவதில்லை. கடுகு அதனிடம் பேசிப் பழக முடிந்ததே அதனால்தான்.

மேல்முறையீடு உண்டு. அழைப்பை எடுத்துப் பேசியவர் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால், மேனேஜரும் இன்னும் இருவரும் பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு மதிப்பெண்ணை மாற்றலாம். வெட்டிக் கேட்க அனுமதியில்லை.

"எங்க அக்காகிட்ட நான் இதவிட மோசமாப் பேசுவேன்," என்றார் மேனேஜர். "ஒரு தடவ கேட்டுட்டா ரெண்டு மார்க் நானே போட்டுடுவேன். அழுத்துங்க."

"வேணாம் மேடம்."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஸ்டோருக்குப் போக ஆசையா?"

"அங்க நட்டும் போல்ட்டும்தான். அதுங்க எங்கிட்ட கோவிச்சுக்காது."

சொல்லிவிட்டாரே தவிர, ஹெட்செட்டைக் கழற்றவில்லை. பொத்தான் மாலைவரை திரையில் இருக்கும்.

7

முடிவுகள்.

ஒன்று: அக்காவே படியேறி வருகிறாள். (லிஃப்டில் ஏறுவாளா பின்னே?) "போட்டுக் கேளுங்கம்மா, என் மானத்தைவிட தம்பி வேலை பெருசு," என்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகப்பட்டு விட்டுவிட்டேன். ஒருத்தியைக் காப்பாற்றப் பட்ட பாட்டை அவளிடமே வசூலிக்கக் கூடாது.

இரண்டு: என்னுடைய டீச்சரை எழுதச் சொன்னேன். 'இந்த அனுபவத்திலிருந்து அனைவரும் பாடம் கற்றுக்கொண்டனர்' என்று முடித்திருந்தது. உங்கள் முயற்சி எனக்குப் புரிகிறது என்று சொல்லி நன்றி தெரிவித்தேன்.

மூன்று: கடுகு ஸ்டோருக்குப் போகிறார். அடித்தளத்துக் கதவைத் திறக்கிறார், உள்ளே வரிசையாக அடுக்கி வைத்த பழைய மணிகள் ஒவ்வொன்றும்

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

8

கடைசியாக நிஜக் கடுகுக்கு ஃபோன் போட்டு முழுக் கதையையும் வாசித்துக் காட்டினேன். இடையில் இரண்டு முறை, "இருங்க, ஒருத்தர் மாட்டியிருக்காரு," என்று போய்விட்டு வந்தார்.

"லூசுன்னு சொன்னதுக்கு மார்க் கழிச்சது சரிதான்," என்றார். "ஆனா அதச் சொல்லலேன்னா அந்தம்மா உக்காந்திருக்காது."

"நீங்களா இருந்தா அழுத்துவீங்களா?"

பதில் வரவில்லை. நானும் காத்திருந்தேன், எனக்கும் கொஞ்சம் பயிற்சி ஆகியிருந்தது.

"அக்கா என்ன சொன்னாங்கன்னு படிக்கிறவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. அடைப்புக்குறி போட்டுட்டேன்."

"அப்ப சரி," என்றார். அவர் பக்கத்தில் மணி அடித்தது. வைத்துவிட்டார்.

மேனேஜரும் இன்னும் இருவரும் கேட்பார்கள் என்றேன். மேனேஜரைத் தவிர ஒருவரைத்தான் இதுவரை கண்டுபிடிக்க முடிந்தது, அது நான். மூன்றாவது காது நீங்கள். இன்னும் மாலையாகவில்லை. பதிவு முழுதாக இருக்கிறது. பொத்தானை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அழுத்தினால் கடுகுக்கு அவருடைய நாற்காலி உண்டு, உங்களுக்கு அக்காவின் வாக்கியம் உண்டு.

கேட்கப் போகிறீர்களா?