பத்து முறையும் நின்ற வண்டி

"எங்கப்பா பிரேக் புடிச்சாரா, புடிக்கலையா மாமா?"

ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பெண் மெல்வினிடம் இப்படிக் கேட்டாள். அவள் கோபியின் மகள். உள்ளே கோபியின் வலது காலில் தகடு வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். மெல்வின் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவள் கையில் கொடுத்தான். அவள் கேள்விக்கான பதிலை அன்று காலையில்தான் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் மெல்வினும் கோபியும் ஒரே நாளில் சேர்ந்த சோதனை ஓட்டுநர்கள். விற்பனைக்கு வருமுன் வண்டியை ஓட்டிப் பார்த்து, இழுவைக்கு இத்தனை, பிரேக்குக்கு இத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் போடுவது அவர்கள் வேலை. அப்போது காட்டுப் பாதையிலும் மேட்டிலும் ஓடக்கூடிய புது வண்டி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. உயரமான சக்கரங்கள், தடித்த பட்டை வைத்த டயர்கள். கைப்பிடியைத் திருகினால் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போன்ற வேகம். அதைத் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், கரியன் கொட்டாய் என்ற மலைச் சிற்றூருக்குப் போகும் மண்பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாதையில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லும் மண்ணுமான சரிவு ஒன்று உண்டு. கோபி விழுந்தது அங்கேதான்.

பிரேக்கை முழுதாகப் பிடித்தேன், நிற்கவில்லை என்பதைத் தவிர கோபி எதுவும் சொல்லவில்லை. வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் பிரேக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. வேகத்தையும் மற்றதையும் குறித்து வைக்கும் பதிவுப் பெட்டி பாறையில் மோதி நொறுங்கிக் கிடந்தது. அடிபட்ட பேட்டரியை வைத்திருப்பது ஆபத்து என்று அன்றே உப்புத் தண்ணீரில் போட்டு, இருந்த சார்ஜை வடித்துவிட்டார்கள். ஆகவே அதே போன்ற இன்னொரு வண்டியில் மெல்வினை அனுப்பினார்கள். அவன் இரண்டு நாட்களில் பத்து முறை அந்தச் சரிவில் இறங்கினான். பத்து முறையும் வண்டி நின்றது. அதை அப்படியே எழுதினான். முடிவாக ஒரு வரி வேண்டும் என்றார் மேலாளர் குருமூர்த்தி. 'விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்த ஒரு வரியில் கோபியின் வேலை போயிற்று. விபத்துக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடும் இல்லை என்று ஆயிற்று. கோபி இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கிடங்கில் காவலாளி. ஒருமுறை கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் அவன் காலை இழுத்து இழுத்து நடந்து வருவதை மெல்வின் பார்த்தான். பஸ் கிளம்பும்வரை ஒரு கொய்யாப்பழ வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான். மெல்வின் மாதம் தவறாமல் மாதாகோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். கோபம், பொய், வீட்டில் மனைவியிடம் எரிந்து விழுந்தது எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னான். அந்த வரியை மட்டும் ஒருமுறையும் சொன்னதில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினேன் என்று நினைத்துக்கொள்வான். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளப் பொய் அவ்வளவாக உதவுவதில்லை. பாதி உண்மைதான் உதவுகிறது.

இந்த ஜூலையில் அந்த வண்டிக்குக் கடைசி மதிப்பீடு. வெள்ளிக்கிழமைக்குள் தாள் கைக்கு வர வேண்டும் என்று குருமூர்த்தி சொல்லியிருந்தார். மெல்வினின் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் அவர் கையில்தான் இருந்தது.

புதன்கிழமை காலை ஓசூரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டே போய், பத்தரை மணிக்குக் கரியன் கொட்டாயை அடைந்தான். பதிவுகளைக் கவனிக்கும் இன்ஜினியர் மாதேஸ்வரி, கம்பெனி வேனில் சரிவின் அடியில் காத்திருப்பதாகவும், திரும்பும்போது வண்டியை அதில் ஏற்றிக்கொள்வதாகவும் ஏற்பாடு. ஆனால் பதினொரு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. குட்டியோடு நான்கு யானைகள் கீழ்ப்பாதைக்கு வந்துவிட்டன, வனக்காவலர்கள் வழியை மறித்து வேனைத் தேன்கனிக்கோட்டைக்குத் திருப்பிவிட்டார்கள், வழி திறந்ததும் நேராக ஓசூருக்கே ஓட்டி வந்துவிடுங்கள் என்றாள். மெல்வின் வண்டியைப் பார்த்தான். பேட்டரியில் முப்பத்தைந்து சதவீதம். ஓசூர்வரை வராது.

பாதை ஓரத்தில், முன்தினம் யானை மிதித்துப் போட்ட வேலியை ஒரு பெண் தனியாக நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் முனிலட்சுமி என்றாள். மெல்வின் கொம்பைப் பிடித்துக்கொள்ள, அவள் கயிறு சுற்றினாள். நடுநடுவே வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமே இல்லியே தம்பி. ஆனை காதுல கூட வுழாது போல."

"நல்லதுதானக்கா?"

"என்னா நல்லது? அதுக்கும் தெரியாம, ஒனக்கும் தெரியாம, நேராப் போயி அது காலுலதான் முட்டுவே."

வேலை முடிந்ததும் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். ஓட்டு வீடுகூட இல்லை, கீற்றுக் குடிசை. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மின் இணைப்பில் ஒரு பல்பும் ஒரு பிளக்கும் இருந்தன. வண்டிக்கு வேண்டிய கரண்டை இங்கேயே போட்டுக்கொள் என்றாள். வெளி இடத்தில் சார்ஜ் போடக் கூடாது என்பது கம்பெனி விதி. அவன் தயங்கினான்.

"போன வருசத்துக்கு முன்ன வந்த ஆளும் இப்படித்தான் முழிச்சாரு. ஒண்ணியும் ஆவாது, சொருவு" என்றாள் அவள்.

மெல்வின் களியை உருட்டுவதை நிறுத்தினான். யார் என்று கேட்டான். கோபிதான். தானும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்றான். அன்று நல்ல மழை, விடும்வரை வண்டி இங்கே சார்ஜில் கிடந்தது, ஃபுல்லாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார் என்றாள் முனிலட்சுமி. அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு மேலே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிப் பார்த்தேன். 'அக்கா, ஒங்க வூட்டுல சார்ஜ் போட்டதப் பத்தி வாயத் தொறக்காதீங்க. குடிசைக்கு இனாமாக் குடுத்த கரண்டு, வண்டிக்குப் போடக் கூடாது. கம்பெனிக்காரன் விசாரிக்க வந்தா கரண்டு ஆபீசுல தெரிஞ்சி லைன அறுத்துடுவான்'னாரு. இத்தினி நாளு யார்கிட்டயும் சொல்லல. நீ அவரு கூட்டாளியாச்சே."

மெல்வினுக்கு முதலில் தோன்றியது நல்ல எண்ணம் அல்ல. விதியை மீறிவிட்டு மறைத்திருக்கிறான் என்று தோன்றியது. அவன் ஒன்றை மறைத்திருந்தால், தான் எழுதியதும் பெரிய பாவம் இல்லை என்றுகூட ஒரு கணம் நெஞ்சு இலேசாயிற்று. பிறகுதான் வெட்கமாக இருந்தது. தன் வண்டியையும் அதே பிளக்கில் சொருகினான்.

மூன்று மணிக்கு வழி திறந்தது. பேட்டரி நூறு காட்டியது. முனிலட்சுமி காசு வாங்க மறுத்துவிட்டாள்.

சரிவில் இறங்கத் தொடங்கியதும் ஏதோ மாறியிருப்பதை அவன் உடம்பு உணர்ந்தது. வழக்கமாகக் கைப்பிடியைத் தளர்த்தினால் பின்னாலிருந்து ஒருவர் சட்டையைப் பிடித்து இழுப்பது போல மோட்டாரே வண்டியை அடக்கும். இன்று அந்த இழுப்பு இல்லை. வண்டி தன் பாரத்தில் தானே ஓடியது. இரண்டு பிரேக்கையும் பிடித்தான். நின்றது போலிருந்தது, மறுபடி ஓடியது. ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. பிரேக் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. முழுதாகப் பிடித்திருந்தான். வேகம் கூடிக்கொண்டே போனது. மாதாவே என்று சொல்லிக்கொண்டு, பாதை ஓரத்து உண்ணிச்செடிப் புதருக்குள் வண்டியைத் திருப்பினான். புதர் அவனைத் தாங்கிக்கொண்டது. முழங்கையும் கன்னமும் கீறின, அவ்வளவுதான்.

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பிரேக் ஆறியதும் பிடி பழையபடி கெட்டியாகிவிட்டது. யார் பிரித்துப் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது.

இறக்கத்தில் மோட்டாரே வண்டியை அடக்கும்போது மின்சாரம் உண்டாகிறது. அதை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் வேண்டும். நிறைந்த பேட்டரியில் இடம் இல்லை. மோட்டார் கைவிட்டுவிடும், பாரம் முழுவதும் பிரேக் தகடுகள் மேல் விழும். இது கம்பெனியில் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் எப்போதோ ஒரு பேட்டரி புகைந்ததிலிருந்து சார்ஜ் கொட்டகையில் தொண்ணூறுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். அந்தத் தொண்ணூறிலும் பாதி, மலை ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். அத்தனை ஓட்டங்களில் ஒன்றில்கூட நிறைந்த பேட்டரியோடு யாரும் அந்தச் சரிவில் இறங்கவில்லை. எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள், அதனால்தான் தெரியாமல் போயிற்று. அதுவரை நிறைந்த பேட்டரியோடு இறங்கிய ஒரே ஆள் கோபி. ஒரு குடிசையில் பல்பு அணைந்துவிடக் கூடாது என்பதற்காக அவன் தன் பக்கத்து நியாயத்தை விழுங்கிக்கொண்டு படுத்திருந்தான்.

மெல்வின் வண்டியை உருட்டியும் மெதுவாக ஓட்டியும் கீழே கொண்டுவந்தான்.

மறுநாள் மாதேஸ்வரி பதிவுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். இருவரும் குருமூர்த்தியிடம் போனார்கள். அவர் கெட்ட மனிதர் அல்ல. கணக்கைப் பார்த்ததும் தலையைப் பிடித்துக்கொண்டார். பெரிய பிரேக் தகடு மாற்றும்வரை வண்டி வெளியே போகாது என்று மேலிடத்துக்கு உடனே போன் செய்தார். நல்ல வேளை, விற்பதற்கு முன்னால் கண்டுபிடித்தீர்கள் என்று மெல்வினின் தோளைத் தட்டினார்.

"எங்க சார்ஜ் போட்டீங்க?"

"வழியில சார்."

"வழியிலன்னா?"

"வழியிலதான் சார்."

அவர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டார். விதியை மீறியதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பேன், வேறொன்றும் இல்லை என்றார். மெல்வின் கோபியின் பெயரை எடுத்தான்.

"அது மூடின ஃபைல் மெல்வின்" என்றார் குருமூர்த்தி, தணிந்த குரலில். "இப்பத் தொறந்தா மொதல்ல கேள்வி வர்றது உங்க கையெழுத்து மேலதான். பொய் அறிக்கை குடுத்த ஆளுக்கு நான் எப்படிங்க ரினியூவல் போட முடியும்? இனிமே யாரும் விழமாட்டாங்க. அது போதாதா?"

வெளியே வந்ததும் மாதேஸ்வரி, "மெல்வின்ணா, அவர் சொல்றதும் தப்பில்ல" என்றாள். கொஞ்சம் நடந்துவிட்டு, "சரின்னும் சொல்ல முடியல" என்றாள்.

அன்றிரவு அவன் சரியாகத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை புதுப்பிப்புப் படிவம் அவன் மேஜைக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு வேலை. வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மகன் கிங்ஸ்டனுக்கு மூச்சிரைப்பு மருந்து எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தன. வண்டியின் குறையைச் சொன்னதற்காக எல்லோரும் அவனை மெச்சினார்கள். மெச்ச மெச்ச அவன் மனம் கனத்தது. குறையைச் சொல்வது அவன் சம்பளம் வாங்கும் வேலை. கோபிக்குச் செய்ய வேண்டியது அதில் சேராது. அதை யாரும் அவனிடம் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு மெல்வின் தன் இடத்துக்குத் திரும்பினான். கணினியில் பழைய விபத்துக் கோப்பைத் திறந்தான். அதில் ஒன்றைச் சேர்த்தால் பிறகு யாரும் அழிக்க முடியாது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தன் வரிக்குக் கீழே தட்டத் தொடங்கினான்.

'நான் பத்து முறை இறங்கியபோதும் பேட்டரி நிறைந்திருக்கவில்லை. அதை நான் அன்று யோசிக்கவில்லை. கோபியின் பேட்டரி நிறைந்திருந்தது என்பதை இப்போது அறிந்தேன். எங்கே சார்ஜ் போட்டார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அதே நிலையில் நானும் இறங்கினேன், வண்டி நிற்கவில்லை. அந்தப் பதிவுகளை இணைத்திருக்கிறேன். கவனக்குறைவு என்று எழுதியது தவறு. அந்தத் தவறு என்னுடையது. அவருக்கு மறுக்கப்பட்டது அவருக்குச் சேர வேண்டும்.'

சேர்த்தான். ஒரு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டான். புதுப்பிப்புப் படிவத்தை நிரப்பாமல் மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தான்.

இழப்பீட்டுப் பிரிவின் அறை பூட்டியிருந்தது. நடைபாதையில் யாரும் இல்லை. குனிந்து, தாளைக் கதவின் அடி இடுக்கில் நுழைத்தான். பாதி உள்ளே போனதும் அந்தப் பக்கம் கிடந்த மிதியடியில் தட்டி நின்றது. மெல்வின் தரையில் முழங்கால் ஊன்றி, ஒரு விரலால் அதை மீதியும் உள்ளே போகும்வரை தள்ளினான். பிறகு எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனான்.