ஒன்பதாவது புள்ளி

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் வைத்திருக்கும் பெயர் கத்தரி. படங்களை வெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. வாயும் அப்படித்தான். அவள் தம்பி பல்லி. கயிறே இல்லாமல் செங்குத்துப் பாறையில் ஏறுகிறவனை வேறென்ன சொல்வது? அவன் ஏறுவதை ஆவணப்படமாக எடுக்கிறார்கள். விழுந்தால் அதையும் அக்காக்காரிதான் வெட்டி ஒட்ட வேண்டும். குடும்பமே ஒரு தினுசு.

அடுத்த வீட்டு விவகாரத்தில் நான் தலையிடுவதே இல்லை. அன்று காலை அவர்கள் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். கையில் ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போனால் வேவு பார்க்க வந்த மாதிரி இருக்குமே.

"வாங்கக்கா, மோப்பம் பிடிச்சாச்சா?" என்றாள் கத்தரி, திரும்பாமலே.

அவள் முன்னால் இருந்த கணினித் திரையில் சாம்பல் நிறப் பாறை. முந்தின நாள் ஒத்திகை. இடுப்பில் கயிற்றோடு தொங்கிய பல்லி, கை வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெள்ளைத் தூளால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனான்.

"மொத்தம் பதினொண்ணு. இன்னிக்குக் கயிறு கிடையாது, புள்ளியப் பாத்துத்தான் ஏறுவான். ஒன்பதாவதுதான் எமன். புள்ளி இல்லன்னா அங்க பிடி இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது."

படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரை முழுக்கத் தூசி. சோறு போடுகிற சாமானை இப்படியா வைத்திருப்பாள்? கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துடைத்தேன். ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் அடம்பிடித்தது. இரண்டு தேய்ப்பு. போயே போய்விட்டது.

திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள்.

"ஒன்பதாவது எங்க?"

"தூசின்னு நெனச்சேன்மா..."

"அது பாறைமேல இருக்கறது அக்கா! கண்ணாடியத் துடைச்சா எப்படிப் போகும்?"

படத்தைப் பின்னால் ஓட்டினாள். பல்லியின் கை தூள்பைக்குள் போனது, பாறையில் அழுந்தியது, விலகியது. விலகிய இடத்தில் புள்ளி இல்லை. விரலால் தேய்த்த ஈரத் தடம் மட்டும் இருந்தது.

கத்தரி போன் போட்டாள். பாறைக்கு எதிரே நின்ற கேமராக்காரர் கிசுகிசுத்தார்.

"ஏற ஆரம்பிச்சிட்டாம்மா. எட்டுல நிக்கிறான்."

"நிறுத்துங்க! ஒன்பதுல புள்ளி இல்ல!"

"எப்படி நிறுத்த? கூப்பிட்டா திரும்புவான், திரும்பினா போச்சு. அவன் ஏறி முடிக்கிறவரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு அவனே சொல்லிட்டுத்தான் ஏறினான்." பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். "இடது கை தடவுது... கிடைக்கல... கால் நடுங்குது."

கத்தரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் கழுத்தில் காலையில் அப்பிய பவுடர் இருந்தது. கட்டைவிரலை அதில் ஒற்றி, துடைத்த இடத்தில் அழுத்தினேன்.

கண்ணாடி வழுவழுப்பாக இல்லை. சொரசொரவென்று, சில்லென்று இருந்தது. அடுத்த நொடி, வியர்த்த நான்கு விரல்கள் என் கட்டைவிரலை வளைத்துப் பிடித்தன. ஒரு முழு ஆளின் எடை அதில் தொங்கியது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆயுளில் முதல்முறையாக நான் வாயைத் திறக்கவில்லை.

எடை விலகியது.

"தாண்டிட்டான்!" என்றது போன்.

சாயங்காலம் பல்லியே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். வீங்கிப்போன கட்டைவிரலில் நான் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பவுடர்க்கா போடறீங்க? என் கையில இன்னும் வாசனை போகல."

"ஏன்டா, ரெண்டு டப்பா வேணுமா?" என்று சிரித்து வைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் இதவிட உசரமான பாறை. எங்கேயும் ஊருக்குப் போயிடாதீங்கக்கா. வீட்லயே இருங்க."