ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும்

சனிக்கிழமை காலையில துணி அலசிட்டு ஈரக் கையோட முன் அறைக்கு வந்தேன். வாசக்கதவு பக்கத்துல சின்னவன் உக்காந்திருந்தான். மூணு வயசு. காலுல ஷூ. தலையைத் தண்ணி தொட்டுப் படிய வாரி விட்டிருந்துச்சு. மடியில ஒரு துணிப்பை. பக்கத்துல, நாங்க வாராவாரம் வேண்டாத சாமானைப் போட்டு யாருக்காவது குடுத்தனுப்புற அட்டைப்பெட்டி. அந்த வாரம் அதுல ஒரு பழைய குடையும் ரெண்டு தட்டும் கிடந்துச்சு.

எங்கடா கிளம்பிட்டேன்னு கேட்டேன். அக்கா உக்காரச் சொன்னாளாம். எங்க போறேன்னு கேட்டா அது தெரியலையாம். ஏதோ நல்ல இடம்னு நினைச்சுக்கிட்டு பயலுக்கு ஒரே சந்தோஷம்.

பையைப் பிரிச்சேன். அவனோட ரெண்டு சட்டை, ரெண்டு டவுசர், பால் குடிக்கிற கப், அது இல்லாம தூங்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற நைஞ்சுபோன போர்வை. அடியில பெரியவளோட கலர் பென்சில் டப்பா. அந்த டப்பாவை அவ யாரையும் தொட விடமாட்டா.

பெரியவளுக்கு ஆறு வயசு. அடுக்களையில ஸ்டூல் போட்டு ஏறி நின்னு டம்ளர் கழுவிக்கிட்டிருந்தா. என்னடி இதுன்னு பையைக் காட்டினேன். கணக்குக்கு விடை சொல்ற மாதிரி சொன்னா.

"பாப்பா வரப்போகுதுல்ல. ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும்ல. நீ போக முடியாது, பாப்பாவுக்குப் பால் குடுக்கணும். அப்பா போக முடியாது, ரூல் அப்பாவோடது. எனக்குப் பெருக்கத் தெரியும், பாத்திரம் கழுவத் தெரியும், படிக்கத் தெரியும். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

அப்புறம் சோப்புக் கையை உதறிட்டு, பென்சில் அவனுக்குத்தான், அங்க போய் வரையட்டும்னா.

எனக்கு அப்போ ஏழாம் மாசம். நல்ல தாயா இருந்தா புள்ளையை இறக்கி மடியில வெச்சுக்கிட்டிருப்பா. நான் கத்தினேன். யாருடி உனக்கு இப்படிச் சொன்னது, மூளை கீளை பிசகிப்போச்சான்னு கத்தினேன். அவ முகம் வெளுத்துப்போச்சு. அழல. ஸ்டூலை விட்டு இறங்கி, "துணி மடிச்சு வைக்கட்டுமா அம்மா"ன்னு கேட்டா. அந்தக் கேள்வியை நினைச்சா இன்னிக்கும் என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.

அந்த ரூல் எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் கட்டடத்துக்கு பிளான் வரையறவரு. வாரத்துல மூணு நாள் ஆபீஸ், மீதி நாள் வீட்ல. நான் ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பார்த்துக்கிட்டிருந்தவ. பெரியவளுக்கு நாலு வயசு ஆனப்போ, பள்ளிக்கூடம் வேண்டாம், நாமளே சொல்லிக்குடுப்போம், தேவைக்கு மேல ஒரு பொருள் வீட்ல இருக்கக் கூடாதுன்னு பேசி முடிவெடுத்தோம். பேசினது அவரு, தலையாட்டினது நான்னு சொன்னா அது பொய். எனக்கும் ஆசைதான். வேலையை விட்டது என் இஷ்டம். அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டாந்து கதவுகிட்ட வெச்சதே நான்தான். ஒரு புது சட்டை வந்தா ஒரு பழைய சட்டை போகணும். ஒரு புஸ்தகம் வந்தா ஒரு புஸ்தகம் போகணும். பெரியவ மூக்கு உடைஞ்ச யானை பொம்மையைக் குடுக்க மாட்டேன்னு ஒரு நாள் முழுக்க அழுதப்போ, ரூல்னா ரூல்தான்னு சொன்னது இந்த வாய்தான்.

அதைவிடப் பெரிய கூத்து இன்னொண்ணு. புள்ளைங்க கேள்வி கேட்டா நேரா பதில் சொல்லக் கூடாதுங்கறது இவரோட கொள்கை. நிலா ஏன் கூடவே வருது? நீ என்ன நினைக்கிற? மழைக்கு ஏன் வாசனை? யோசிச்சுப் பாரு. கேக்க அழகாத்தான் இருக்கும். நானும் மயங்கினவதான். பாப்பா வரப்போகுதுன்னு பெரியவளுக்குச் சொன்ன அன்னிக்கு சாப்பாட்டு மேஜையில, "அப்போ என்ன போகும்?"னு கேட்டா. இவரு சிரிச்சுக்கிட்டே, நல்ல கேள்வி, நீயே கண்டுபிடின்னாரு. நான் பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்துச்சு.

ரெண்டு மாசமா அவ கண்டுபிடிச்சுக்கிட்டிருந்திருக்கா. ரெண்டு மாசமா எங்க வீட்ல ஒரு சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. எழுப்பாம எந்திரிக்கிறா, படுக்கையை மடிக்கிறா, பெருக்குறா, எழுத்துக் கூட்டிப் படிச்சவ கடகடன்னு படிக்கிறா, பிடிக்காத காய் போட்டாலும் மூச்சு விடாம சாப்பிடறா. பார்த்தியா, இதைப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுப்பாங்களான்னு இவரு பூரிச்சுப்போனாரு. என் பங்குக்கு நான் பக்கத்து வீட்டு நர்ஸம்மாகிட்ட பீத்திக்கிட்டேன். எங்க பொண்ணு பொறுப்பா வளர்றான்னு ரெண்டு பேரும் குளிர்ந்துபோய் இருந்தோம். அவ வேலைக்கு ஆள் எடுக்குற இடத்துல நிக்கிற மாதிரி எங்க முன்னாடி நின்னிருக்கா, ரெண்டு மாசமா, தம்பியைப் போட்டியாளரா வெச்சுக்கிட்டு.

அன்னிக்கு மத்தியானம் இவரு வந்ததும் சொன்னேன். முதல்ல சிரிச்சாரு. சிரிச்சுட்டு, என்ன ஒரு லாஜிக் பாருன்னாரு. எனக்கு உச்சிக்கு ஏறிடுச்சு. ஷூ மாட்டி உக்கார வெச்சிருந்தா, கேக்குதா உங்களுக்கு, இருந்த இடத்துலயே சமத்தா உக்காந்திருந்தான்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். முகம் மாறுச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். உடனே பெரியவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சு ஆரம்பிச்சாரு. பாரு கண்ணு, விஷயம் என்னன்னா, பொருள் வேற, மனுஷங்க வேற, உறவுங்கறது என்ன... அரை மணி நேரம். அவ ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினா. புரிஞ்சுதாம்மா? புரிஞ்சுதுப்பா. இவருக்குத் திருப்தி. என்கிட்ட வந்து, சரி பண்ணிட்டேன், நீ ரொம்ப டென்ஷன் ஆகாதே, குழந்தைக்கு நல்லதில்லன்னாரு. எந்தக் குழந்தைக்குன்னு கேட்டேன்.

மறுநாள் விடியக்காலையில கண் முழிச்சுப் பார்த்தா, அவ எங்களுக்கு முன்னாடியே எந்திரிச்சு முன் அறையைப் பெருக்கிக்கிட்டிருக்கா. சின்னவனையும் எழுப்பி அவன் கையில ஒரு துணியைக் குடுத்து, ஜன்னல் துடைக்கக் கத்துக்குடுக்குறா. இப்போ அவனையும் காப்பாத்தணும்னு தோணியிருக்கு போல. அவன் துடைக்கிறேன்னு எச்சில் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டிருந்தான். அப்படி இல்லடா, சரியாப் பண்ணுடான்னு கெஞ்சுறா.

ரூலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு நான் கடைக்குப் போனேன். வெறி பிடிச்ச மாதிரி வாங்கினேன். பலூன், விசில், பஞ்சு வெச்ச ஒரு முயல், சோப்பு நுரை ஊதுற டப்பா, தலையாட்டுற நாய்க்குட்டி. பன்னெண்டு சாமான், ஒண்ணுக்கும் உபயோகம் கிடையாது. கொண்டாந்து அவ முன்னாடி கொட்டி, இதுக்குப் பதிலா ஒரு குண்டூசி கூடப் போகப்போறதில்ல, பாருன்னு சொன்னேன். அவ தொடல. விரலை மடக்கி எண்ணினா. பன்னெண்டு வந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா, தம்பியைப் பார்த்தா, ஹாலைச் சுத்திப் பார்த்தா. "இவ்வளவு வேண்டாம்மா, திருப்பிக் குடுத்துடலாம்மா"ன்னா. அம்மா சொல்றேன்ல, யாரும் போக மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னேன். சரிம்மான்னா. அந்தச் சரியில ஒண்ணும் இல்ல. அப்பதான் எனக்கு உறைச்சுது. ரூல் அப்பாவோடது. இந்த வீட்ல நான் குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம், அ ஆ சொல்லிக்குடுக்கலாம், வயித்துல சுமக்கலாம். நீ இங்க இருக்கலாம்னு சொல்ற அதிகாரம் மட்டும் எனக்கு இல்லைன்னு என் பொண்ணு நினைச்சுக்கிட்டிருக்கா. அவ மேல தப்பில்ல. நாங்க அப்படித்தான் நடந்துக்கிட்டோம்.

அவகிட்ட ஒரே வரியில சொல்லுங்க, பாடம் நடத்தாதீங்கன்னு இவர்கிட்ட ஒரு வாரம் சொன்னேன். அதான் சொல்லியாச்சே, நீதான் அதையே பிடிச்சுத் தொங்குறேன்னாரு.

வீட்லயே படிக்க வைக்கிற குடும்பங்க மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கூடுவோம். பல் டாக்டரம்மா ஒருத்தங்க வீட்டு மாடியில பெரிய ஹால். பதினஞ்சு குடும்பம் வரும். புள்ளைங்க ஒரு பக்கம் விளையாடும், பெரியவங்க வட்டமா உக்காந்து பேசுவாங்க. இவரு பேசினா எல்லாருக்கும் பிடிக்கும். அந்த ஞாயித்துக்கிழமை வாய் திறந்தவரு, எங்க வீட்ல ஒரு சுவாரஸ்யம் நடந்துச்சுன்னு ஆரம்பிச்சாரு.

ஷூ, பை, பென்சில் டப்பா, ஒண்ணு விடாம சொன்னாரு. தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதை அவ குரல்லயே சொல்லிக் காட்டினாரு. ஹாலே சிரிச்சுது. டாக்டரம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சாங்க. மத்த புள்ளைங்க எல்லாம் மூலையில குட்டிக்கரணம் அடிச்சுக்கிட்டிருக்க, எங்க பெரியவ மட்டும் ஒரு தட்டுல தண்ணி டம்ளர் வெச்சு ஒவ்வொருத்தருக்கா குடுத்துக்கிட்டிருந்தா. அவளைப் பத்தித்தான் சிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சும் தண்ணி சிந்தாம நடந்தா. இவரு அவளைக் கிட்டக் கூப்பிட்டாரு. அதுல இருந்து நாம என்ன கத்துக்கிட்டோம், சொல்லும்மான்னாரு.

அவ நிமிந்து நின்னு சொன்னா. "வேலை செஞ்சா யாரும் போக வேண்டாம்."

கை தட்டினாங்க. சத்தியமாத் தட்டினாங்க. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். தட்டாதீங்கன்னு சொன்னேன். என் குரல் அவ்வளவு பெருசா இருக்கும்னு எனக்கே தெரியாது. மூலையில குட்டிக்கரணம் அடிச்ச புள்ளைங்க கூட நின்னுடுச்சு.

"என்னங்க, அவ சொன்னது காதுல விழுந்துச்சா? வேலை செஞ்சா. அப்போ செய்யலன்னா?"

இதெல்லாம் வீட்ல பேசிக்கலாமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. வீட்ல ஒரு வாரமா பேசியாச்சு, நீங்க ஊரைக் கூட்டி வெச்சுச் சொன்னீங்க, பதிலையும் ஊர் முன்னாடியே சொல்லுங்கன்னேன். டாக்டரம்மா என் கையைப் பிடிச்சாங்க. உதறிட்டேன்.

இவரு அவளைப் பார்த்துக் குனிஞ்சாரு. பாரு கண்ணு, விஷயம் என்னன்னான்னு இழுத்தாரு. அவ தலை ஆட ஆரம்பிச்சுது, அவரு இன்னும் ஒண்ணுமே சொல்லல, அதுக்குள்ள. அதைப் பார்த்துட்டாரு. நான் சொல்லிக் கேக்காத மனுஷன் அந்தத் தலையாட்டலைப் பார்த்து நிறுத்தினாரு. தரையில முட்டி போட்டு உக்காந்து, அவ கையில இருந்த தட்டை வாங்கிக் கீழ வெச்சாரு.

"நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம். செய்யலன்னாலும் நீ நம்ம வீட்லதான் இருப்ப."

அவ "எவ்வளவு நாளைக்கு?"ன்னு கேட்டா.

"நீ என்ன நினைக்..."ங்கற வரைக்கும் வாய் போயிடுச்சு அவருக்கு. பழக்க தோஷம். நான் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்துல மத்தவங்க முன்னாடி அவர் பேரை நான் சொன்னது கிடையாது. அவ கேட்டுட்டு நிக்கிறா, பதில் சொல்லுங்கன்னேன்.

"எப்பவும்"னாரு. "எப்பவும்டா. நான் சொன்ன ரூல் தப்பு. அப்பா தப்பாச் சொல்லிட்டேன்."

"தம்பியும்?"

"தம்பியும்."

அவ அவரையே பார்த்துக்கிட்டு நின்னா. உதடு பிதுங்குச்சு. ரெண்டு மாசமா அழாதவ, ஆ-ன்னு ஒரு சத்தம் போட்டு அவர் நெஞ்சுல ஓங்கிக் குத்தினா. அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு கையாலயும், கன்னம், தோள், பட்ட இடத்துல எல்லாம். மூக்குக் கண்ணாடி தெறிச்சு விழுந்துச்சு. யாரோ, அடிக்கக் கூடாதும்மான்னு சொன்னாங்க. அவரு கையைத் தூக்கல, நகரல, அப்படியே வாங்கிக்கிட்டிருந்தாரு.

நான் தடுக்கல.