பதின்மூன்று நிமிடம் இருபது விநாடி

என்னுடைய காதை நம்பிய வீடு செவிலிமேட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த வீட்டை நான் பன்னிரண்டு வருடம் ஏமாற்றினேன்.

அது ஜோசுவாவின் வீடு. அவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனி வேலை. அவன் மனைவி லில்லி அரசு மருத்துவமனையில் நர்ஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் வயலின் கற்றவர், சபையில் எப்போதாவது பாட்டுக்குத் துணையாக வாசிப்பார். நான் கலைவாணன், பட்டு கூட்டுறவு சங்கத்தில் சேலைகளைத் தரம் பார்க்கிறவன். எங்கள் மூவரையும் சேர்த்து வைத்தது ஓர் இசை. இருநூறு வருடத்துக்கு முன்னால் வியன்னாவில் ஓர் இளைஞர் இரண்டு வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோவுக்காக எழுதியது. அதன் இரண்டாம் பகுதி ரொம்ப மெதுவாக நகரும். அவ்வளவு மெதுவாகப் போகிற ஒன்று எப்படி ஆளைப் பிடித்து உலுக்குகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜோசுவாவிடம் அந்த இரண்டாம் பகுதிக்குப் பதினோரு பதிவுகள் இருந்தன, பதினோரு குழுக்கள் வாசித்தவை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஆராதனை முடிந்து வந்ததும் மூன்றைப் போட்டுக் கேட்டு, எது மேல் என்று சண்டை போடுவோம்.

வாசிப்பவர் பெயர் தெரியாமல் கேட்க வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவனே நான்தான். எங்கள் சங்கத்தில் சேலை என் மேசைக்கு வருவதற்கு முன் நெய்தவர் பெயர்ச் சீட்டை உள்ளே மடித்துவிடுவார்கள். வேண்டியவன், வேண்டாதவன் பார்க்காமல் தரம் சொல்ல வேண்டும் அல்லவா? இங்கேயும் அப்படியே இருக்கட்டும் என்று பெரிய நியாயவான் மாதிரிச் சொன்னேன். லில்லி பென்டிரைவில் இருந்து ஒவ்வொன்றாகப் போடுவார், பெயரைச் சொல்ல மாட்டார். நான் ஒரு தடவைகூடத் தவறாமல் கண்டுபிடித்துவிடுவேன்.

"உனக்கு இருக்கிறது காது இல்லபா, எக்ஸ்ரே மெஷினு" என்பான் ஜோசுவா.

காது இல்லைதான். பிளேயரின் முகத்தில் மொத்த நேரம் பச்சை எழுத்தில் தெரியும். பதினோரு பதிவுகளின் நேரமும் எனக்கு மனப்பாடம். அது தெரிகிற நாற்காலியில்தான் எப்போதும் உட்காருவேன். என் அபிப்பிராயங்களும் இரவல்தான். 13:20 என்றால் பழைய லண்டன் பதிவு. அதை எங்கோ ஒரு விமர்சகர் திட்டியிருந்தார், நானும் பன்னிரண்டு வருடமாகத் திட்டினேன்.

போன மாதம் மூன்றாவதாக ஒன்றைப் போட்டார் லில்லி. முகத்தில் 13:20. சரி, லண்டன் என்று காலை நீட்டிக்கொண்டேன். ஆனால் நாலு நிமிடம் போவதற்குள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டேன். முதல் வயலின் வாசலில் நின்று கூப்பிடத் தயங்குகிற ஆள் மாதிரி வந்து வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. பச்சை எழுத்தை மறுபடி பார்த்தேன். 13:20தான். அப்படியானால் இது மட்டம், என் கண்ணுக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன்.

"பழைய லண்டன்தாம்மா இது" என்றேன். "முதல் வயலினுக்கு உயிரே இல்ல. பயந்துக்கினே வாசிக்குது. இவங்கல்லாம் எதுக்கு இத வாசிக்க வந்தாங்கன்னு தெரியல."

லில்லி பிளேயரை அணைத்தார். உள்ளே போய்த் தட்டுகளை எடுத்துவந்தார். "சாப்பிடுங்கண்ணா." பிரியாணியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது ஜோசுவா வெளிக் கேட் வரைக்கும் வந்தான்.

"அது லண்டன் இல்லபா. லில்லி."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். பழைய லண்டன் பதிவை ஓடவிட்டு, அதோடு கூடவே ஒரு வருடம் வாசித்துப் பழகியிருக்கிறார், அதனால்தான் அதே நேரம். அவர் தங்கை பிரவீனாவும் சென்னை சபையிலிருந்து மூன்று பேரும் வந்து சேர்ந்து வாசிக்க, மாடி அறையில் பதிவு செய்திருக்கிறார்கள்.

"பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் டக்கு டக்குன்னு விழுந்துக்கினே இருக்குது. அதுலயே நீ கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சா. சபை ஆண்டு விழாவுல வாசிக்கச் சொல்லி பாஸ்டர் கேட்டாரு. நீ நல்லாருக்குன்னு சொன்னா வாசிக்கலாம்னு இருந்தா. இப்ப வேணாம்னுட்டா."

தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் சோறு தின்கிறவன் நான். அது எனக்கு ஒரு சத்தமாகவே கேட்கவில்லை. அதைவிடக் கேவலம், நன்றாக இருந்தது என் காதுக்கே தெரிந்தும் நான் நம்பரை நம்பியது. மூன்று நாள் சங்கத்தில் யார் முகத்தையும் பார்த்துப் பேச முடியவில்லை. நன்றாக இருந்தது என்று வெறுமனே சொன்னால் லில்லி அதை ஆறுதல் என்று நினைப்பார். உண்மையை முழுதாகச் சொன்னால்தான் உண்டு.

புதன்கிழமை சாயங்காலம் போனேன். நாற்காலி, பச்சை எழுத்து, விமர்சகர், எதையும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் காது மடல் எரிந்தது.

"கண்ணாடியத் தொடச்சேனே, பாத்தீங்களாம்மா? அழுதேன். நெஜமா அழுதேன்."

லில்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்காக இவ்ளோ பெரிய பொய் சொல்றீங்களேண்ணா."

"பொய் இல்லம்மா. அந்த நம்பர மூடிட்டுப் போடுங்க. ஒண்ணுகூட எனக்குத் தெரியாது."

ஜோசுவா பிளேயரின் முகத்தைத் துண்டால் மூடினான். நான்கு பதிவுகளைப் போட்டார்கள். உயிரைக் கொடுத்துக் கேட்டேன். நான்கையும் தப்பாகச் சொன்னேன்.

ஜோசுவா மெல்லச் சிரித்தான். "நடிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்குதுபா. ஒண்ணாவது சரியா சொல்லியிருந்தா நம்பியிருப்போம்."

லில்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மனசு யாருக்குண்ணா வரும்? விடுங்க. நீங்க அன்னிக்கிச் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியாதா." வயலின் பெட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

ஆண்டு விழாவுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கீபோர்டு வாசித்தார்கள். முடிந்ததும் பாஸ்டர் நேராக என்னிடம் வந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லில்லி சிஸ்டர் எல்லாம் சொன்னாங்க. ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு தன்னையே திருடன்னு சொல்லிக்கறதுக்குப் பெரிய மனசு வேணுங்க."

பின்னால் லில்லி நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இல்லை என்று சொல்ல எனக்குக் கிடைத்த இன்னொரு சந்தர்ப்பம் அது.

"பரவாயில்லைங்க" என்றேன்.